பதில் வாசித்த ஓசெல்லா

போதகர் பேசப் பேச ஆர்கன் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பிரசங்கம் இல்லை, முனிசிபாலிட்டி அறிவிப்பு. மெம்பிஸ் நகரத்தில், ஆரஞ்சு மவுண்ட் பக்கம் இருக்கிற நியூ பெராக்கா பாப்டிஸ்ட் சபையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ரெவரெண்ட் ஏமஸ் கேட்வுட் மேடையில் நின்று, "பேதுரு தண்ணி மேல கால வச்சான்" என்று சொல்லி மூச்சு வாங்குவார். அந்த மூச்சு முடிவதற்குள் ஆர்கன் வாசிக்கிற ஓசெல்லா ப்ரூயிட்டின் வலது கை இரண்டு கட்டைகளைத் தொட்டு, "அப்புறம்?" என்று கேட்கும். "காத்து அடிச்சுது" என்பார். அவள் இடது கை கீழே உறுமும். அவர் குரல் ஒரு படி ஏறும். இவள் அதற்கு அரைப் படி மேலே போய் நின்றுகொண்டு வா, வா என்பாள். பேசுகிறாரா பாடுகிறாரா என்று தெரியாத இடத்துக்கு இருவரும் போய்ச் சேரும்போது, தொப்பி வைத்த பெண்களெல்லாம் எழுந்து நின்று அல்லேலூயா போடுவார்கள்.

அந்தப் பிரசங்கம் இரண்டு ஆள் வேலை என்பது சபை முழுக்கத் தெரியும். கேட்வுட் கணக்கில் மட்டும் அது ஒன்றரை ஆள் வேலை. ஒன்று அவர், அரை அவள். போதகர்கள் அப்படித்தான். யார் வீட்டு விருந்தானாலும் கோழியின் நெஞ்சுத் துண்டு முதலில் அவர்கள் தட்டில்தான் விழும். கழுத்தும் முதுகும் கடைசிப் பந்திப் பிள்ளைகளுக்கு. காலமெல்லாம் நெஞ்சுத் துண்டே தின்றவருக்கு அந்த அரை ஆளின் அருமை எப்படித் தெரியும்?

ஓசெல்லாவுக்கு ஆர்கன் பெஞ்ச் கிடைத்தபோது வயது பதினைந்து. பெடலுக்குக் கால் எட்டாமல் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து நகர்ந்து வாசித்தாள். பிறகு கல்யாணம் ஆனது, கணவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான், பிள்ளை இல்லை. லமார் அவென்யூவில் ஒரு டிரை கிளீனிங் கடையில் இஸ்திரி வேலை. வாரமெல்லாம் ஊரார் சட்டையின் சுருக்கம் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு அந்த பெஞ்சில் போய் உட்காருவாள். வீடு என்று அவள் மனசில் இருந்தது அதுதான். தூங்குகிற இடமெல்லாம் ராத்தங்கல்தான்.

அந்தக் கடைக்கு எண்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் கிளியோஃபஸ் ரட், மேடையில் போடுகிற பழைய கோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கிளியோவும் அவளும் ஒரே பாடகர் குழுவில் பிள்ளைகளாக நின்றவர்கள். அறுபதுகளில் அவன் சபையை விட்டுப் போய் ரெக்கார்டு போட்டான். பின்னால் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்க அவன் கெஞ்சிப் பாடிய ஒரு பாட்டு நாடு பூராவும் ஓடியது. அப்புறம் ஜனங்கள் வேறு தினுசாக ஆடத் தொடங்கினார்கள். ரெக்கார்டு கம்பெனி மூடியது, மனைவி போனாள், முன்பல் இரண்டு போயிற்று. இப்போது ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தக் கோட்டு இன்னும் உன்கிட்ட இருக்கா?" என்றாள் ஓசெல்லா, கிழிந்த உட்துணியை விரித்துப் பார்த்து.

"கோட்டு இருக்கு. உள்ள போட்டுக்கிற ஆள்தான் இல்ல" என்று சிரித்தான், பல் தெரியாமல் வாயைப் பொத்தி. "செல்லா, நான் திரும்ப ரெக்கார்டு போடறேன்."

"யாரு வாசிக்கிறா?"

"யாரும் இல்ல. எல்லாம் பொட்டி. ராய்ஸ்னு ஒரு பையன், முப்பது வயசு இருக்கும். டிரம்முக்கு ஒரு மெஷின், பேஸுக்கு ஒரு மெஷின், ட்ரம்பெட்டுக்கு ஒரு மெஷின். சிந்தசைசராம். சோறு, காப்பி எதுவும் கேக்காத பேண்டு."

"அப்ப சந்தோஷமா போய்ப் பாடேன்."

அவன் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். "பாடிடலாம். ஆனா பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் பேசணும், தெரியும்ல, நம்ம வழக்கப்படி. பேசினா அந்த ரூம்ல பதில் சொல்ல நாதியில்ல செல்லா. செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு. குரல் தொண்டையிலேயே நின்னுடுது. இதுவும் போச்சுன்னா எனக்கு ரொட்டி வேன்தான், சாகற வரைக்கும்."

"சபைக்கு வெளிய உலகப்பிரகாரமான பாட்டு வாசிச்சா என்னை உட்கார வச்சிடுவாங்க கிளியோ."

அது அவனுக்கும் தெரியும். நியூ பெராக்காவில் உட்கார வைப்பது என்றால் விளையாட்டில்லை. பொறுப்பில் இருக்கிற ஒருவர் தப்பு செய்தால், சபை முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பெஞ்ச், மேடை, அங்கி எல்லாம் இல்லாமல் சும்மா கீழே உட்கார வேண்டும். டீக்கன் மகன் ஒருவன் பீல் தெரு மதுக்கடையில் கிடார் வாசித்துவிட்டு, சபை முன்னால் அழுதுகொண்டே நின்றதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள்.

"முடியாது" என்றாள். கோட்டைத் தைத்து, இஸ்திரி போட்டு, மாட்டியில் தொங்கவிட்டாள். அதை வாங்கிப் போக அவன் வந்தபோது, "என் பேரு ரெக்கார்டு அட்டையில வரக்கூடாது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஸ்டுடியோ என்றால் பழைய டயர் கடை. சத்தம் எதிரொலிக்காமல் சுவரில் முட்டை அட்டை ஒட்டி, நடுவில் கண்ணாடி வைத்திருந்தார்கள். சிந்தசைசரைப் பார்த்ததும் ஓசெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இஸ்திரி மேசை அளவுகூட இல்லை. கட்டைகள் பிஸ்கட் மாதிரி லேசாக இருந்தன. தொட்டதும் கண்ணாடி டம்ளரில் காற்று ஊதினாற்போல ஒரு சத்தம்.

"இதுக்குப் பெடல் எங்க தம்பி?"

"பெடல் கிடையாது மேடம்" என்றான் ராய்ஸ்.

"கால வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"சும்மா வச்சிருங்க." அவன் சிரிக்காமல் விளக்கினான். முதலில் டிரம் மெஷினின் டிக் டிக் வரும். அதன்மேல் கிளியோ கொஞ்சம் பேசுவார். மெஷினில் கைதட்டல் சத்தம் விழுந்ததும்தான் இவள் வாசிக்க வேண்டும். அதுவரைக்கும் கட்டையில் கை படவே கூடாது. "பேச்சு காலியா இருக்கணும். சுத்தமா. இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"சரி" என்று தலையாட்டினாள். மனசார ஆட்டினாள், பாவம்.

டிக் டிக் தொடங்கியது. கிளியோ கண்ணை மூடினான். வெகுநாள் கழித்து மனைவி வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்கிற ஒருவன் பேசுகிற பேச்சு அது.

"கண்ணு... நேரமாயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்."

மூச்சு வாங்கினான்.

ஓசெல்லாவின் வலது கை இரண்டு கட்டைகளைத் தொட்டது. அப்புறம்?

அவள் தொடவில்லை, கை தொட்டது. ஒரு மனுஷன் நெஞ்சைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூச்சுக்கு நிற்கிறான். அந்த இடத்தைக் காலியாக விடுவது, வாசலில் வந்து நிற்கிறவனை வா என்று சொல்லாமல் இருப்பது மாதிரி. அவள் வளர்ந்த வளர்ப்பில் அது கிடையாது.

"அடுப்பை அணைச்சிருப்பே. நாற்காலியெல்லாம் கவுத்து வச்சிருப்பே." இடது கை கீழே மெல்ல உறுமியது. "தப்பு யாருதுன்னு கேக்காதே. என்னுதுதான்." இங்கே அவன் பேச்சு தடுக்கியது, எச்சில் விழுங்கினான். அவள் பொறுத்திருந்து, அவன் விழுங்கி முடித்ததும் ஒற்றைக் கட்டையைத் தொட்டாள். "நல்ல துண்டு கேட்டு வரல. கழுத்து போதும். எனக்கொரு தட்டு மூடி வை."

கைதட்டல் விழுந்தபோதுதான் அவளுக்குத் தன் நினைவு வந்தது. "அய்யய்யோ!" என்று கையை மடியில் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சிரு தம்பி. பழக்கதோஷம். நிறுத்து, மறுபடியும் போடு. இந்த முறை கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் ராய்ஸின் குரல் வந்தது. "வேணாம் மேடம். யாரும் எதையும் தொடாதீங்க. இனிமே அவர் எங்கெல்லாம் பேசறாரோ அங்கெல்லாம் இதே தப்பைப் பண்ணுங்க."

ரெக்கார்டு வெளியே வந்தது. "எனக்கொரு தட்டு" என்றே பெயர் வைத்தார்கள். அட்டையில் கிளியோ, ஓசெல்லா தைத்துக்கொடுத்த கோட்டில், வாயை மூடிச் சிரித்துக்கொண்டு நின்றான். இலையுதிர்காலம் வருவதற்குள் அது எங்கே பார்த்தாலும் ஓடியது. முடிவெட்டும் கடை, ஸ்கேட்டிங் தளம், கொல்லைப்புறக் கறி விருந்து, கார் கழுவுகிற இடம், எங்கும் அந்த டிக் டிக், அந்தப் பேச்சு, பேச்சுக்கு நடுவில் அந்தப் பதில். ரொட்டி வேனுக்கு வேறு ஆள் வந்தான். கிளியோ பல் கட்டிக்கொண்டு, அடுத்த அட்டையில் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தான். கடை ரேடியோவில் முதன்முதலாகத் தன் கையைத் தானே கேட்டபோது ஓசெல்லா இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டைக் காலரிலேயே விட்டுவிட்டு நின்றாள். கருகிய வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள்.

அட்டையில் அவள் பெயர் இல்லை. யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தாள். பேரை மறைத்தால் கையை மறைத்ததாக ஆகுமா? ஆகாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ரெவரெண்ட் கேட்வுட் முடிவெட்டும் கடையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். ரேடியோவில் யாரோ ஒருவன், நேரமாயிடுச்சுன்னு தெரியும் என்றான். அதற்குப் பதில் வந்தது. அந்தப் பதில் காதில் விழுந்த கணமே கேட்வுட் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, மேடையில் பேசுகிற குரலில், "பிரியமானவர்களே!" என்றார். கடையே திரும்பிப் பார்த்தது. பாவம் மனுஷன், என்ன செய்வார்? அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும் என்று அவர் தொண்டை இத்தனை வருஷம் பழகியிருந்தது. பேச்சு அவருடையது இல்லை என்று உறைத்த பிறகுதான், கை யாருடையது என்பதும் உறைத்தது. முகத்து நுரையோடேயே எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே அவளை அங்கி மாட்டுகிற அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீதானா?"

"நான்தான் பாஸ்டர்."

"உலகப் பாட்டு வாசிச்சது ஒரு பக்கம். வேற ஏதாவது வாசிச்சிருக்கக்கூடாதா ஓசெல்லா? எனக்கு வாசிக்கிறதையா அவனுக்கு வாசிக்கணும்? பின்வாசல்ல சோத்துக்கு நிக்கிறவனுக்கா? அது என்னோடது!" அவர் குரல் உடைந்துவிட்டது. கோபத்தைவிட வலிதான் அதிகம். கட்டின பெண்டாட்டி வேறொருத்தன் கூட ஆடுவதைப் பார்த்தவர் மாதிரி நின்றார்.

அவள் இரக்கப்படத்தான் பார்த்தாள். ஆனால் அந்த 'என்னோடது' எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. "அது உங்களுதும் இல்ல, அவனுதும் இல்ல பாஸ்டர். என்னோடது" என்றாள்.

அதற்கு மேல் அந்த அறையில் என்ன பேச? ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் அவளை எழுப்பினார். சாதாரண விஷயம்தான், இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்தது. முதல் வரிசையில் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்த மதர் ஹட்டி ஸ்னோடன், சபையின் மூத்த தாய், அவளே குமரியாக இருந்தபோது டான்ஸ் ஆடிவிட்டு இதே இடத்தில் நின்றவள். "சொல்லிடும்மா, சீக்கிரம் சொல்லிடு, கீழ சாப்பாட்டுக்கு வச்ச பன்னு ஆறுது" என்று அங்கிருந்தே கைகாட்டினாள்.

ஓசெல்லா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வாசிச்சது நான்தான். பேரை ஒளிச்சுக்கிட்டு வாசிச்சேன், அது கோழைத்தனம். அதுக்கு வருத்தப்படறேன்." நிறுத்தினாள். "வாசிச்சதுக்கு வருத்தப்படல. இல்லாத வருத்தத்தை இருக்குன்னு கர்த்தரோட வீட்டுல நின்னு சொல்ல மாட்டேன்."

சபையில் விசிறிகள் நின்றுவிட்டன.

"பாதி மன்னிப்புன்னு ஒண்ணு இங்க கிடையாது சிஸ்டர் ப்ரூயிட்" என்றார் கேட்வுட். "வருத்தம் வர்ற வரைக்கும் உட்காருங்க."

"சரிங்க பாஸ்டர்" என்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். சில வாரத்தில் இறங்கி வருவாள் என்று அவர் நினைத்தார். சில வாரத்தில் கூப்பிடுவார் என்று இவள் நினைத்தாள். இரண்டும் இரண்டு கழுதை. வருஷங்கள் ஓடின.

காலேஜில் சங்கீதம் படித்த கார்ல்டன் என்று ஒருவனை ஆர்கனுக்கு வைத்தார்கள். நல்ல பிள்ளை, ஒரு ஸ்வரம் பிசகாது. ஆனால் கேட்வுட் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, முடித்ததும் மரியாதையாக வாசிப்பான். பேதுரு தண்ணீர் மேல் காலை வைப்பான். யாரும் அப்புறம் என்று கேட்க மாட்டார்கள். அவன் அங்கேயே நிற்பான். கேட்வுட் கத்திப் பார்த்தார், குதித்துப் பார்த்தார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துப் பார்த்தார். ஜனம் கடிகாரத்தைப் பார்த்தது. பிரசங்கம் வருஷா வருஷம் குட்டையாகிக்கொண்டே போயிற்று.

மூன்றாம் வரிசையில் ஓசெல்லா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் அவள் விரல்கள் பையின் மூடியைத் தொடும். அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அது தெரியும்; தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். பையின் தோல் அந்த இடத்தில் தேய்ந்து வெளுத்துப்போனது. வேறு இரண்டு சபைகள் அவளைக் கூப்பிட்டன, ஒன்று கார்கூட அனுப்பியது. "என் பெஞ்ச் இங்க இருக்கு" என்று சொல்லிக் காரைத் திருப்பி அனுப்பினாள். சில ஞாயிறு வீட்டுக்கு வந்து, கையுறைகளைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுவாள். பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

அந்த ரெக்கார்டு மட்டும் உட்காரவே இல்லை. பிள்ளைகள் வளர்ந்து, அந்தப் பதிலைத் துண்டாக வெட்டித் தங்கள் பாட்டுகளில் ஒட்டிக்கொண்டார்கள். மிசிசிப்பியிலும் அர்க்கன்சாவிலும் குடும்பம் கூடுகிற விழா என்றால் அது ஓடாமல் சாப்பாடு இறங்காது. விருந்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் பின்வாசலில் நின்று, "கழுத்து போதும் கண்ணு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதை முதலில் சொன்னது யார் என்று தெரியாத பிள்ளைகள்கூடச் சொன்னார்கள்.

கிளியோ ஊர் ஊராகப் பாடிவிட்டு, மெம்பிஸ் வரும்போதெல்லாம் கடைக்கு வருவான். "என்கூட வாசிக்கிற பய இருக்கானே, நான் பேசி முடிக்கிற வரைக்கும் பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிறான். ரெக்கார்டுல இருக்கிற மாதிரி ஒரு தடவைகூட வரல செல்லா." பிறகு குரலை இறக்குவான். "நான் வேணா கேட்வுட்கிட்ட போய், நான்தான் அவளை இழுத்துட்டுப் போனேன்னு சொல்லட்டா?"

"இழுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன ஆடா? நானாத்தான் வந்தேன். கோட்டைக் குடு, கை கிழிஞ்சிருக்கு."

புது நூற்றாண்டு பிறந்து கொஞ்ச நாளில் கிளியோ ஒரு மதியத்தில், டிவி பார்த்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டான். அவன் அம்மாவை அடக்கம் செய்த சபை என்பதால், அவனையும் நியூ பெராக்காவிலிருந்தே அனுப்ப வேண்டும் என்று அவன் பிள்ளைகள் கேட்டார்கள். சபைத் தாய்மார்கள் முகத்தைச் சுளித்தார்கள். கேட்வுட் கைத்தடியைத் தரையில் ஊன்றி, "வரட்டும். அவன் பாட்டு உள்ள வரக்கூடாது. ஆளு வரலாம்" என்றார்.

அன்றைக்கு இடம் கொள்ளவில்லை. முதலைத்தோல் ஷூவும் இறகு வைத்த தொப்பியுமாக, பழைய பாடகர்கள், நடனக்காரர்கள், ஸ்கேட்டிங் கோஷ்டிகள் எல்லோரும் வந்து சுவரோரம் நின்றார்கள். பெட்டிக்குள் கிளியோ அந்தக் கோட்டிலேயே கிடந்தான். ஓசெல்லா காலையில் தானே அதற்கு இஸ்திரி போட்டிருந்தாள். மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இந்தக் கால்கள் இனிப் பெடலைத் தொடப் போவதில்லை என்று அன்றைக்கு அவளே நம்பிவிட்டாள்.

கேட்வுட் எழுந்தார். வேதத்தைத் திறந்து ஒரு வசனம் படித்தார், இன்னொன்று படித்தார். எதுவும் எழவில்லை. கார்ல்டன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். கிழவரின் குரல் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. யாரோ இருமினார்கள். பின்னால் ஒருவர், "ஒத்தாசை பண்ணும் கர்த்தாவே" என்று வாய்விட்டே சொன்னார்.

கேட்வுட் வேதத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்:

"கண்ணு... நேரமாயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்."

மதர் ஹட்டியின் விசிறி கீழே விழுந்தது.

அவர் மூச்சு வாங்கினார். ஓசெல்லாவின் விரல்கள் பையைத் தொட்டன.

"அடுப்பை அணைச்சிருப்பே. நாற்காலியெல்லாம் கவுத்து வச்சிருப்பே." மறுபடி நிறுத்தினார். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டுமோ அவ்வளவு நேரம், ஒரு நூல் கூடாமல் குறையாமல். "தப்பு யாருதுன்னு கேக்காதே. என்னுதுதான்."

அங்கே அவர் எச்சில் விழுங்கினார்.

ஓசெல்லாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த விழுங்கல் கிளியோவுடையது. டயர் கடையில் அன்றைக்குத் தற்செயலாக வந்தது. மேடைகளில் கிளியோவே அதை மறந்துவிட்டான். வார்த்தைகளை ஊரே சொல்லும்; ஆனால் இந்த இடைவெளிகளை இத்தனை சரியாக மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் அந்த ரெக்கார்டை ஒருவன் எத்தனை தடவை கேட்டிருக்க வேண்டும்! பாட்டுக்காகக் கேட்டிருக்க மாட்டார். அவள் கைக்காகக் கேட்டிருக்கிறார். அவள் வாசிப்பது உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதானே.

முதலில் அவளுக்கு வந்தது கோபம். அடப்பாவி மனுஷா! என்னைக் கீழே உட்கார வைத்துவிட்டு, இத்தனை வருஷமும் ஒளித்து வைத்துக் கேட்டுக்கொண்டா இருந்தாய்? அந்தக் கோபத்தோடேயே எழுந்தாள். பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

"இவ இன்னும் மன்னிப்புக் கேக்கலையே?" என்றாள் மதர் ஹட்டி. காது போன பிறகு அவள் ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும்.

"நீங்க சும்மா இருங்க மதர்" என்று பத்துப் பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

கார்ல்டன் ஒன்றும் கேட்காமல் பெஞ்சை விட்டு இறங்கிக்கொண்டான். ஓசெல்லா உட்கார்ந்தாள். காலணியைக் கழற்றினாள். கேட்வுட் இன்னும் அந்த விழுங்கலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் ஒற்றைக் கட்டையைத் தொட்டாள்.

"நல்ல துண்டு கேட்டு வரல" என்றார் கேட்வுட், குரல் ஒரு படி ஏறியது. இடது கை கீழே உறுமியது, கால் பெடலைத் தேடிப் பிடித்தது. "கழுத்து போதும்!" என்றார். இன்னொரு படி. அப்புறம் அவர் கிளியோவின் வார்த்தைகளை விட்டார். அப்பன் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த கெட்ட குமாரனின் கதையைப் பிடித்தார். பன்றித் தவிட்டிலிருந்து அவனை எழுப்பி அப்பன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஆர்கன் அப்புறம், அப்புறம் என்று கேட்டது. இறகுத் தொப்பிகள் எழுந்தன, முதலைத்தோல் ஷூக்கள் குதித்தன. எண்பது வயதுக் கிழவர் தடியைக் கீழே போட்டுவிட்டார். கிளியோஃபஸ் ரட்டுக்கு அப்படியொரு வழியனுப்பு கிடைக்கும் என்று அவன் எதிரிகூட நினைத்திருக்க மாட்டான்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் சபையின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. கேட்வுட் எல்லோருக்கும் கைகொடுத்து முடித்துவிட்டு வருவதற்குள் பாத்திரங்கள் காலி. அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். ஓசெல்லா அலுமினியத் தாளால் மூடிய ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

அவர் தாளைப் பிரித்தார். நடுவில் ஒரே ஒரு கோழிக் கழுத்து இருந்தது.

"நல்ல துண்டு வேணாம்னு சொன்னீங்களே" என்றாள்.

கேட்வுட் அதை எடுத்துக் கடித்தார். கழுத்தில் கறி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிக் கடித்தார். வாழ்க்கையில் அதுவரை தின்றிருந்தால்தானே.

"கார்லதான் போட்டுக் கேப்பேன்" என்றார், எலும்பைப் பார்த்தபடி. "பேச்சு வர்ற இடம் மட்டும். பாட்டு வந்ததும் திருப்பிடுவேன். டேப் தேஞ்சு அறுந்துடும். வேற வாங்குவேன். வாங்கறப்ப யாராவது பாத்துடப் போறாங்கன்னு வெஸ்ட் மெம்பிஸ் வரைக்கும் ஆத்தைத் தாண்டிப் போவேன்."

"என்னைக் கூப்பிட்டிருந்தா அவ்வளவு தூரம் போக வேண்டாமே பாஸ்டர்."

"தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றியா?"

"நான் இன்னும் வருத்தப்படல."

"நான் பட்டுட்டேன், ஓசெல்லா."

ஓசெல்லா குனிந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து, தாள் மூடிய இன்னொரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் நெஞ்சுத் துண்டு இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.